மலைத் தோட்டத்தில் 250 கிலோ டீசல் என்ஜினை வண்டியிலிருந்து தனியாளாக இறக்குவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் காய்கறித் தோட்டம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய பழைய டீசல் என்ஜின் பிக்கப்பில் வருகிறது. எடை ஏறக்குறைய 250 கிலோ. கூட ஆள் கிடையாது, பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் (சங்கிலிக் கப்பி) கிடையாது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்கலாம். தோட்டங்களுக்கு என்ஜின் பொருத்திக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வண்டியை நிறுத்தும் இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சமவெளியில் ஒரு ஜேசிபியைக் கூப்பிட்டால் சங்கிலி போட்டுத் தூக்கி வைத்துவிட்டுப் போவார்கள். நீலகிரியில் அந்த இயந்திரங்களுக்கு மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடு உண்டு. கிடைத்தாலும் தோட்டப் பாதையில் நுழையாது. ஆகவே தூக்குவதை மறந்துவிடுங்கள். தனியாக வேலை செய்பவர் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். எந்த நிமிடம் கையை எடுத்தாலும் என்ஜின் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும் என்ற நிலைக்கு அதை ஒருபோதும் கொண்டுவரக் கூடாது.

முதலில், வண்டித் தளத்தின் உயரத்துக்குச் சமமான மேடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். படிப்படியாக வெட்டிய நிலத்தில் பெரும்பாலும் ஒன்று கிடைக்கும். அதை ஒட்டி வண்டியைப் பின்னால் எடுத்து, இடைவெளியில் பலகை போட்டால், என்ஜினை உருட்டியே கரைக்குக் கொண்டுபோய்விடலாம். பலகை மேட்டுக்குள் ஒரு மீட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மண்ணையும், கல் அடுக்கிய தடுப்புச் சுவரின் விளிம்பையும் நம்ப வேண்டாம். மழையில் ஊறிய செம்மண் அவ்வளவு பாரத்தைத் தாங்காமல் சரிந்துவிடும்.

மேடு கிடைக்காவிட்டால் சரிவுப் பலகைதான். இங்கேதான் பலர் யோசிக்காமல் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். வண்டித் தளம் 75 செ.மீ. உயரம், பலகை 3 மீட்டர் நீளம் என்று வையுங்கள். சமதரையில், உராய்வைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 250 கிலோ என்ஜின் சுமார் 62 கிலோ விசையுடன் கீழே இழுக்கும். எட்டுக்கு ஒன்று (எட்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர்) ஏறும் பாதையில் வண்டியின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நின்றால் அது 90 கிலோவைத் தாண்டிவிடும். அதே பாதையில் வண்டியைத் திருப்பி, பின்பக்கம் ஏற்றத்தைப் பார்க்கும்படி நிறுத்தினால் 32 கிலோதான்! அந்தச் சாய்வில் காய்ந்த மரப்பலகையின் மேல் மரக்கட்டை தானாகச் சறுக்காது. நெம்பினால் நகரும், விட்டால் நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

இப்படி நிறுத்தினால் வண்டி முன்னோக்கி உருளப் பார்க்கும். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எல்லாச் சக்கரங்களுக்கும் முன்னால் கல்லோ கட்டையோ அண்டை கொடுங்கள். ஸ்டீயரிங்கை மலைப் பக்கம் ஒடித்து வையுங்கள்.

பின்கதவைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் வளைவுகளிலும் ஏற்றத்திலும் கட்டு தளர்ந்து, என்ஜின் பின்னால் நகர்ந்து கதவில் சாய்ந்திருக்கலாம். நேர் எதிரே நின்று கொண்டியை எடுத்தால் அத்தனை எடையும் உங்கள் மேல். பக்கவாட்டில் ஏறி, உள்ளே கயிற்றை இறுக்கிக் கட்டிய பிறகே கதவைத் தொடுங்கள்.

என்ஜினின் கால்கள் குறுகலானவை, எடையோ மேலே இருக்கிறது. அதனால் அடியில் இரண்டு நீளக் கட்டைகளை வைத்து, அஸ்திவார போல்ட் துளைகள் வழியாகவே முடுக்கிவிடுங்கள். கடையிலேயே இதைச் செய்துதரச் சொல்வது இன்னும் நல்லது. டீசல் டேங்க், சைலன்ஸர் இரண்டையும் கழற்றி வையுங்கள். ஃபிளைவீல் என்ற கனமான பக்கச் சக்கரம் சுற்றாதபடி கட்டுங்கள்.

வண்டித் தளத்தில் நகர்த்த இரும்புக் குழாய்த் துண்டுகளை அடியில் கொடுத்து, கடப்பாரையால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஒவ்வொரு நெம்புக்கும் பின்னால் ஆப்புக்கட்டை வைக்க வேண்டும். சரிவுப் பலகை தொடங்கும் இடத்தில் குழாய்களை எடுத்துவிடுங்கள். பலகையில் உராய்வுதான் உங்கள் பிரேக். பலகைகள் 5 செ.மீ. கனமும் 20 செ.மீ. அகலமும் இருக்கட்டும். நடுவில் முட்டுக் கொடுத்து, வெளி ஓரங்களில் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்து, மேல் முனையை வண்டியோடு கட்டுங்கள். பாரம் பின்னால் வந்ததும் வண்டி அமுங்கும், இறங்கியதும் எழும்பும். கட்டாத பலகை அந்த நேரத்தில் நழுவிவிடும். பின்பக்கச் சட்டத்துக்கு அடியில் கட்டை அடுக்கிவிட்டால் இந்த ஆட்டம் குறையும்.

சறுக்காது என்றாலும் கயிறு வேண்டும். அடிக்கட்டையில் கட்டி, கேபினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறு முனையைக் கையில் வைத்திருங்கள். சுற்றின் பிடிமானமே பாரத்தைத் தாங்கும், கைக்கு வருவது சில கிலோதான். நைலான் கயிறு இழுபட்டுத் திடீரென்று உதறும். மணிலா கயிறு நல்லது. நீங்கள் எப்போதும் என்ஜினுக்கு மேல் பக்கம், வண்டித் தளத்தில் நின்றே நெம்ப வேண்டும். கீழே நின்று தாங்கிப் பிடிக்கலாம் என்ற எண்ணமே வரக்கூடாது.

பழைய டயர்களைப் போட்டு அதன்மேல் தள்ளிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். வார்ப்பிரும்புக் கால் ஒன்று விரிசல் விட்டால் அந்த என்ஜின் எந்த அஸ்திவாரத்திலும் ஒழுங்காக நிற்காது. காசு போட்டு வாங்கிய பொருள், அரை மணி நேர அவசரத்துக்காக அதைப் பாழாக்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த அவசரமும் பெரும்பாலும் வண்டி ஓட்டுநர் கிளம்பத் துடிப்பதால் வருவது. காத்திருப்புக்கும் சேர்த்து முன்பே வாடகை பேசிவிடுங்கள்.

மழையிலும், உறைபனி விழுந்த காலையிலும் பலகை ஈரமாக இருந்தால் மேலே சொன்ன உராய்வுக் கணக்கு எதுவும் செல்லாது. வெயில் ஏறிக் காயும் வரை பொறுங்கள். வேலை தொடங்கும் முன் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

எடை 400 கிலோவைத் தாண்டினால் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஃபிளைவீலைக் கடையிலேயே கழற்றித் தனிச் சுமையாக ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள்.