பிசிஓஎஸ்: பட்டைத் தூளும் புதினா டீயும் மாத்திரைக்கு மாற்றாகுமா?

ஆகாது. பிசிஓஎஸ் என்பது ஹார்மோன் கோளாறால் மாதவிடாய் தள்ளிப்போகும், முகத்தில் முடி வளரும் பிரச்சினை. இவற்றை டாக்டரிடம் சொல்லிவிட்டுத் துணையாக எடுக்கலாம். ஸ்பியர்மின்ட் புதினா டீயை தினம் இரண்டு வேளை, 30 நாள் கொடுத்த ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தது. ஆனால் டாக்டர்கள் மதிப்பிட்டபோது முகத்து முடி குறையவில்லை. முடியின் சுழற்சி பல மாதம் நீளும், ஒரு மாதம் போதாது.

பட்டையில்தான் அதிக கவனம் வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த, ஒற்றைச் சுருள் பட்டை பெரும்பாலும் கேசியா என்ற வகை. அதில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். தினமும் ஸ்பூன் கணக்கில் சாப்பிட்டால் கல்லீரல் கெடலாம். காகிதம்போல் மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, கையால் நொறுங்குவது இலங்கைப் பட்டை. அதையே வாங்கி வீட்டில் பொடியுங்கள். தூளாக வாங்கினால் எது எதென்று தெரியாது.

வெந்தயம் ரத்தச் சர்க்கரையை இறக்கும். இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, கைநடுக்கம், வியர்வை வரலாம். கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் மருந்தளவில் தொடவே வேண்டாம்.

மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லையா? முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு உடனே டாக்டர். காத்திருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும்.