முன்பல் இடைவெளிக்கும் உடைந்த நுனிக்கும் கொம்பசிட் பொண்டிங் போதுமா?

மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி, ஒன்றின் நுனியும் உடைந்திருக்கிறது, தையில் கலியாணம். கொழும்பில் ஒரு டொக்டர் பொண்டிங் (கொம்பசிட் என்ற பல்நிறப் பொருளைப் பல்லில் ஒட்டி வடிவமாக்குவது) போதும் என்கிறார், இன்னொருவர் வெனியர்தான் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) நல்லது என்கிறார், எதைச் செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொண்டிங் செய்யுங்கள். எனக்கும் இதே இடைவெளி, இதே மாதிரி உடைந்த நுனி. வெள்ளவத்தையில் ஒரு தனியார் கிளினிக்கில் செய்துகொண்டேன். இடைவெளிப் பல் அதிர்ஷ்டம், அதை மூடாதே என்று அம்மம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை என்பது வேறு கதை.

வெனியர் என்று சொன்னவரிடம் பல்லை எவ்வளவு சீவுவீர்கள் என்று கேளுங்கள். போர்சலின் வெனியருக்குப் பெரும்பாலும் பல்லின் முன்பக்க எனாமலில், அதாவது பல்லின் கடினமான மேல்படையில், அரை மில்லிமீட்டர் அளவு எடுப்பார்கள். எனாமல் திரும்ப வளராது. வெனியர் கூடக் காலம் நிற்கும், கறை பிடிப்பதும் குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனால் நுனி மட்டும் உடைந்த நல்ல பல்லைச் சீவக் கொடுக்க எனக்கு மனம் வராது. பொண்டிங் பிடிக்காவிட்டால் நாளைக்கு எடுத்துவிட்டு வெனியருக்குப் போகலாம். வெனியரில் இருந்து பழைய பல்லுக்குத் திரும்ப முடியாது.

வேலை நடக்கும் விதம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பெரும்பாலும் ஊசி கூடத் தேவைப்படாது. முதலில் நிறம் பார்ப்பார்கள், அதுவும் பல் ஈரமாக இருக்கும்போதே. கொஞ்ச நேரம் வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்தால் வெளிறிவிடும்; அந்த வெளிறலுக்குப் பார்த்து நிறம் எடுத்தால், பல் பழைய நிறத்துக்கு வந்ததும் புதுத் துண்டு தனியாகத் தெரியும். என்னைப் பார்த்த டொக்டர் கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பி, துளியளவு கொம்பசிட்டைப் பல்லில் சும்மா அப்பி, நீல லைட் அடித்துக் கண்ணாடியில் காட்டினார். பசை போடாததால் அது லேசாகத் தட்டியதுமே கழன்று வந்தது. இப்படிக் காட்டச் சொல்லி நீங்களும் கேட்கலாம், தப்பில்லை.

பிறகு பக்கத்துப் பல்லில் ஒரு வெள்ளை ரேப் சுற்றினார். பார்த்தால், பைப் பாஸ் மரையில் சுற்றுகிற அதே ரேப்! அசிட்டும் பசையும் மற்றப் பல்லில் படாமல் இருக்கப் பல் டொக்டர்மார் அதைத்தான் பாவிக்கிறார்களாம். அடுத்து நீல நிற ஜெல், 37 வீதம் அளவான பொஸ்போரிக் அசிட். கால் நிமிடமோ அரை நிமிடமோ வைத்துக் கழுவி உலர்த்தினால் அந்த இடம் மட்டும் சோக்கட்டி மாதிரி மங்கிவிடும். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்துவிட்டன என்று அர்த்தம். பசை அதற்குள் இறங்கித்தான் பிடிக்கிறது. மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கர் 1955இல் வெளியிட்ட முறை இது. அதன்மேல் பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்த கொம்பசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் படை படையாக வைத்து, ஒவ்வொரு படைக்கும் லைட் அடித்து இறுக வைப்பார்கள்.

கடைசியில் நிறக் கடதாசியைக் கடிக்கச் சொல்வார்கள். அங்கேதான் வெட்கப்படாமல் நேரம் எடுக்க வேண்டும். நேராகக் கடிப்பதோடு விடாமல், கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளியும் பக்கவாட்டில் அரைத்தும் பாருங்கள். எங்கேயாவது இடித்தால் உடனே சொல்லுங்கள், அந்த இடத்தில்தான் பிறகு உடையும். முரசு ஓரத்தில் தடிப்பாக விட்டாலும் சாப்பாடு தங்கி, முரசு வீங்கி இரத்தம் வரும். புளொஸ் நூலை விட்டுப் பாருங்கள், பிய்ந்து வரக்கூடாது. இரவில் பல் நெருமுகிற பழக்கம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், படுக்கும்போது போட ஒரு கவசம் செய்து தருவார்கள்.

கலியாணத்துக்குப் பல்லை வெள்ளையாக்கும் யோசனை இருந்தால் அதுதான் முதலில். கொம்பசிட் பிளீச்சில் வெளுக்காது. பிளீச் செய்த கையோடு ஒட்டினால் பிடிப்பும் குறையும், இரண்டு கிழமையாவது இடைவெளி விடச் சொல்வார்கள். ஊத்தை எடுக்கிற வேலையும் முரசு வருத்தமும் அதற்கும் முதல். ஆக, மார்கழியில் ஓடிப்போய் நிற்காதீர்கள்.

சாப்பாட்டில் பெரிய விரதம் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு நாள் பிளேன்டீயும் மஞ்சள் தூக்கலான கறியும் தவிர்க்கச் சொல்வார்கள். அதன் பிறகும் முறுக்கு, கரும்பு, எலும்பு எல்லாவற்றையும் கடைவாய்க்குத் தள்ளிவிடுங்கள், முன்பல்லால் நூல் கடிப்பதையும் விடுங்கள். வெற்றிலை, சிகரெட் இருந்தால் இந்தக் காசு வீண். பொதுவாக 5 முதல் 7 வருடம் நிற்கும் என்கிறார்கள், இடையில் மினுக்கம் குறையும், பொலிஷ் செய்யலாம்.

விலை பல்லுக்கு இவ்வளவு என்று வரும். பொலிஷும் சின்ன ஒட்டுவேலையும் அதற்குள் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விழுந்து அடிபட்டு உடைந்த பல் என்றால் கொழும்பு வார்ட் பிளேஸில் உள்ள அரசாங்கப் பல் வைத்தியசாலைக்குப் போகலாம், காசில்லை. வடிவுக்காகச் செய்வது பெரும்பாலும் தனியாரில்தான். இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த பல் வைத்தியரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சலூனில் பல்லுக்கும் செய்கிறோம் என்றால் அந்தப் பக்கமே வேண்டாம்.

இன்னொன்று. எந்த நிறம், ஏ1ஆ ஏ2ஆ, எந்தக் கொம்பனியின் கொம்பசிட் என்பதைக் கார்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நுனி உடைந்தால் முழுவதையும் கழற்றாமல் அந்த இடத்தில் மட்டும் வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் நிறம் தெரிய வேண்டும். கலியாணம் முடிந்து கனடா போகிற யோசனை இருந்தால் கட்டாயம் வாங்குங்கள்.