புது நெட்வொர்க் சுவிட்ச் முதல்முறை ஆன் ஆகும்போதே தானாகக் கான்ஃபிகர் ஆக வேண்டும். எந்தப் பெட்டிக்கு எந்தக் கோப்பு என்பதை சீரியல் எண்ணை வைத்து முடிவு செய்வதா, அது சொருகப்பட்டிருக்கும் போர்ட்டை வைத்தா?

போர்ட்டை வைத்துத்தான். கான்ஃபிகரேஷனை ரேக்கில் இருக்கும் இடத்துக்கு எழுதுங்கள், பெட்டிக்கு எழுதாதீர்கள். இரண்டு விதமாகவும் செய்து பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

கோப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிது. அரிஸ்டா சுவிட்ச்சில் ஸ்டார்ட்அப் கான்ஃபிக் இல்லையென்றால் அது தானாக ஜீரோ டச் (ஆள் கை வைக்காமல் தானே அமைத்துக்கொள்ளும்) நிலைக்குப் போய், முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடம் கேட்கும். பதிலில் ஆப்ஷன் 67-ல் (டிஎச்சிபி செய்தியில் எண்ணிட்ட பகுதிகளுக்கு ஆப்ஷன் என்று பெயர்) வரும் முகவரியிலிருந்து கான்ஃபிக்கையோ ஸ்கிரிப்டையோ இறக்கிக்கொள்ளும். சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்ஈ அதே ஆப்ஷனில் வரும் பைத்தான் ஸ்கிரிப்டை கெஸ்ட் ஷெல்லுக்குள் (சுவிட்ச்சுக்குள்ளேயே இருக்கும் தனி லினக்ஸ் சூழல்) ஓட்டும். ஜூனிப்பர் இமேஜ் பெயரையும் கான்ஃபிக் பெயரையும் ஆப்ஷன் 43-க்குள் எதிர்பார்க்கும். பல கம்பெனிப் பெட்டிகள் கலந்திருந்தால், பெட்டி எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லும் ஆப்ஷன் 60-ஐப் பார்த்து டிஎச்சிபி சர்வரில் பிரித்து அனுப்புங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. சீரியல் எண் முறையில், பெட்டி வந்து இறங்கியதும் யாராவது ஸ்டிக்கரைப் பார்த்துப் பட்டியலில் ஏற்ற வேண்டும். முதல்நாள் அது பெரிய வேலையாகத் தெரியாது. நள்ளிரவில் ஒரு சுவிட்ச் செத்துப்போய், ஸ்பேர் பெட்டியை மாட்டும்போதுதான் தெரியும்: பட்டியலைத் திருத்த உரிமை உள்ளவர் தூங்கிக்கொண்டிருப்பார், பெட்டி கோப்புக் கிடைக்காமல் சும்மா நிற்கும்.

போர்ட் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. எல்லாப் பெட்டிகளின் மேனேஜ்மென்ட் போர்ட்டுகளையும் (நிர்வாகத்துக்கு மட்டுமான போர்ட்) தனி மேனேஜ்மென்ட் சுவிட்ச்சில் சொருகி, அதில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கையும் (டிஎச்சிபி செய்திகளைக் கவனிக்கும் வசதி) ஆப்ஷன் 82-ஐயும் ஆன் செய்யுங்கள். கோரிக்கை எந்த போர்ட் வழியாக வந்தது என்பதை அந்த சுவிட்ச்சே ஒட்டி அனுப்பிவிடும். 2001-இல் வந்த ஆர்எஃப்சி 3046 என்ற இணையத் தர ஆவணம் சொல்வது இதைத்தான். சர்வர் அதைப் பார்த்து அந்த இடத்துக்கான கோப்பைக் கொடுக்கும். அதே மாடல் ஸ்பேரை அதே கேபிளில் மாட்டினால் போதும், பழைய பெட்டியின் கான்ஃபிக் வந்துவிடும்.

கேபிள் மாறிப்போனால்? தப்பான கான்ஃபிக் ஏறும், உண்மைதான். அதனால் ஸ்கிரிப்டின் கடைசியில் எல்எல்டிபி (பக்கத்துப் பெட்டி எது என்று சொல்லும் நெறிமுறை) தரும் அண்டை விவரத்தை எடுத்து, இருக்க வேண்டிய ஸ்பைன் சுவிட்ச் (ரேக் சுவிட்ச்சுகளை இணைக்கும் மேல்நிலை சுவிட்ச்) அந்தந்த போர்ட்டில் இருக்கிறதா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்றால் சர்வர்கள் சொருகியிருக்கும் போர்ட்டுகளை ஸ்கிரிப்ட் மூடியே வைக்கட்டும். இந்தச் சரிபார்ப்பை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், பாதுகாப்பு. சாதாரண டிஎச்சிபி-யில் யார் பதில் சொன்னாலும் சுவிட்ச் நம்பிவிடும். கோப்பை இறக்கப் பயன்படும் டிஎஃப்டிபி-யில் கடவுச்சொல்லே கிடையாது. எனவே முதல் கோப்பில் மேனேஜ்மென்ட் முகவரி, எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை உள்நுழைவு) பொதுச் சாவி, இவ்வளவு மட்டும் வையுங்கள். ரேடியஸ் (உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர்) ரகசியம், எஸ்என்எம்பி (கண்காணிப்பு நெறிமுறை) கடவுச்சொல் எல்லாம் அன்சிபிள் மாதிரி ஒரு தானியக்கக் கருவி எஸ்எஸ்எச் வழியாகப் பிறகு தள்ளட்டும். சான்றிதழ் வைத்துச் சரிபார்க்கும் முறை 2019-இல் ஆர்எஃப்சி 8572 ஆக வந்திருக்கிறது. உங்கள் மாடல் அதை ஆதரித்தால் அதையே எடுங்கள்.

பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் பெட்டிகள் கூடவே இருந்தால் இன்னொன்று. அவற்றின் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற பழைய தானியங்கி அமைப்பு வசதி டிசிபி போர்ட் எண் 4786-இல் எந்த அடையாளமும் கேட்காமல் கட்டளை வாங்கும். 2018-இல் அதன் வழியாகத்தான் பல நாடுகளில் சுவிட்ச்சுகளைத் தாக்கினார்கள். ‘நோ விஸ்டாக்’ (no vstack) கட்டளை போட்டு அதை அணைத்துவிட்டு, பிறகு இந்த வேலையைத் தொடங்குங்கள்.