முதலில் நிலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு ஆட்டம் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படித்துவருகிறேன். 2022 முதல், அண்மைத் தொகுப்புகளை மட்டும் வைத்து ஆடும் ஸ்டாண்டர்ட் முறையில் ஆடுகிறேன். புதுத் தொகுப்பு வரும்போதெல்லாம் மூன்று பெட்டி பூஸ்டர் (உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத பாக்கெட்டுகள்) வாங்கி உடைத்துவிடுவேன். இத்தனை பாக்கெட் உடைத்தால் வேண்டிய கார்டு எப்படியும் வந்துவிடும் என்பது என் கணக்கு. 2024-ல் ரொட்டேஷன் (பழைய தொகுப்புகளை ஸ்டாண்டர்டிலிருந்து விலக்குவது) வந்து, நான் ஆடக் கட்டிய கார்டு அடுக்கான டெக்கில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. வெறுத்துப்போய், கமாண்டர் எனப்படும் நாயகக் கார்டு ஒன்றை முன்வைத்து 100 கார்டு டெக்கில் ஆடும் கமாண்டர் முறைக்கு வந்தேன். தயார் டெக் ஒன்று வாங்கி, அதை வலுப்படுத்த ஜுவல்ட் லோட்டஸ் என்ற கார்டை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். சில வாரங்களில் அதற்குத் தடை. தடை செய்தவர்கள் என் போன்றவர்களின் பணத்தைத் திருடிவிட்டார்கள் என்றுதான் சொல்வேன். 2025-ல் மட்டும் ஆறு தொகுப்பு, அதில் ஸ்பைடர்மேன் வேறு. இது பழைய மேஜிக்தானா?

ஸ்டாண்டர்டில் தொடரலாமா, கமாண்டரோடு நிறுத்திக்கொள்ளலாமா? தங்கையும் ஆட ஆசைப்படுகிறாள். ஆட்டத்தின் ஐந்து நிறங்களில் சிவப்பும் பச்சையும் பிடித்திருக்கிறதாம். அவளை இந்தச் செலவுக்குள் இழுத்துவிடத் தயக்கமாக இருக்கிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

வழக்கமாக ‘எந்த ஃபார்மட்டில், அதாவது எந்த ஆட்டமுறையில், ஆடலாம்’ என்ற கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் இழந்த கார்டுகளின் பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு நிலம்கூட இல்லை. நிலம்தான் மானா தரும் கார்டு, மற்றக் கார்டுகளை இறக்கச் செலவழிப்பது அந்த மானாவைத்தான். மூன்று ஆண்டு ஆடியவர் எதை இழந்தேன் என்று எழுதும்போது நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. சில நாட்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது.

முதலில் சின்ன விஷயங்கள். ஸ்பைடர்மேனை விட்டுவிடுங்கள். 2025 ஜூனில் ஃபைனல் ஃபேண்டஸி, செப்டம்பரில் ஸ்பைடர்மேன் என்று வெளியார் கதைகள் ஸ்டாண்டர்டுக்குள் வந்தன. படத்தில் யார் நின்றாலும் மேலே எழுதியிருக்கும் மானா விலையும் கீழே எழுதியிருக்கும் விதியும்தான் ஆட்டம். ஆறு தொகுப்பு என்பது, ஆறையும் வாங்கியே தீரவேண்டும் என்று நினைப்பவருக்குத்தான் சுமை.

ரொட்டேஷனைத் திட்டியிருக்கிறீர்கள். அது எதற்காக வந்தது என்று ஒரு நிமிடம் பாருங்கள். 1993-ல் வந்த ஆல்ஃபா பதிப்பில் ஒவ்வொரு ரேர் (அரிய) கார்டும் ஏறத்தாழ 1,100 பிரதிகள்தான் அச்சாயின. இரண்டு ஆண்டு கழித்து ஆட வந்தவருக்கு அவை எட்டாக்கனி. அதனால்தான் 1995 ஜனவரியில் டைப் 2 என்ற பெயரில், அண்மையில் வந்த தொகுப்புகளை மட்டும் வைத்து ஆடும் முறை பிறந்தது. இன்றைய ஸ்டாண்டர்ட் அதுதான். உங்கள் தங்கையைப் போலப் பின்னால் வருகிறவருக்காகத் திறந்துவைத்த வாசல். அதில் ஒரு தொகுப்புக்கு இரண்டு ஆண்டாக இருந்த ஆயுளை 2023-ல் மூன்றாக நீட்டினார்கள். உங்கள் கார்டுகள் எப்போது போகும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. ரொட்டேஷன் நாளுக்கு நான்கைந்து மாதம் முன்பே விலை இறங்கத் தொடங்கும். அதற்கு முன் கைமாற்றாமல் கடைசி நாள் வரை வைத்திருந்தது நீங்கள்.

பூஸ்டர் கணக்குக்கு வருகிறேன். இதை மெல்லச் சொல்ல எனக்கு மனமில்லை. மிதிக் ரேர் என்ற, ரேரைவிட அரிய தரம் 2008-ல் வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் பெரிய தொகுப்புகளில் 53 ரேரும் 15 மிதிக்கும் இருந்தன. பாக்கெட்டுக்கு இவற்றில் ஒன்று. அச்சுத்தாளில் ரேர் ஒவ்வொன்றும் இரண்டு முறை, மிதிக் ஒவ்வொன்றும் ஒரு முறை. 106-உம் 15-உம் சேர்த்து 121 இடம். நீங்கள் தேடும் ஒரு குறிப்பிட்ட மிதிக், 121 பாக்கெட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் வரும். 36 பாக்கெட் உள்ள ஒரு பெட்டியில் அது இருக்கும் வாய்ப்பு 26 சதவீதம். மூன்று பெட்டி, 108 பாக்கெட் உடைத்தாலும் 59 சதவீதம்தான். நூறு பேர் உங்களைப் போல மூன்று பெட்டி உடைத்தால் நாற்பத்தொரு பேர் அந்தக் கார்டை ஒருமுறைகூடப் பார்க்கமாட்டார்கள். டெக்குக்கு நான்கு பிரதி வேண்டுமென்றால் சராசரியாக 484 பாக்கெட். அதாவது பதின்மூன்று பெட்டிக்கும் மேல். இப்போதைய பிளே பூஸ்டரில் 14 கார்டு, சிலவற்றில் ஒன்றுக்கு மேல் ரேர் உண்டு, தொகுப்புக்குத் தொகுப்பு எண்ணிக்கையும் மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. ‘எப்படியும் வந்துவிடும்’ என்பது குலுக்கல் சீட்டு வாங்குகிறவர் சொல்லும் சொல். வேண்டிய கார்டைத் தனியாக விலை கொடுத்து வாங்குங்கள். பாக்கெட்டை உடைக்க ஒரே நல்ல காரணம் டிராஃப்ட். ஆளுக்கு மூன்று பாக்கெட், சுற்றிக் கொடுத்து எடுத்து, 40 கார்டு டெக் கட்டி அன்றைக்கே ஆடிவிடலாம். அங்கே பணம் ஆட்டத்துக்குப் போகிறது.

அடுத்து அந்தத் ‘திருடர்கள்’. இந்தச் சொல்லை நீங்கள் திரும்பப் பெறவேண்டும். 2024 செப்டம்பர் 23 அன்று ஜுவல்ட் லோட்டஸ், மானா கிரிப்ட், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடு (Nadu) ஆகிய நான்கு கார்டுகளையும் தடை செய்தவர்கள், கமாண்டரை ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் பேணிவந்த தன்னார்வக் குழுவினர். அவர்கள் பாக்கெட் விற்றவர்கள் அல்ல. தடைக்குப் பிறகு அவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரு வாரத்தில் பொறுப்பை, ஆட்டத்தை வெளியிடும் விசர்ட்ஸ் நிறுவனத்திடமே கொடுத்துவிட்டு விலகினார்கள். ஒரு காகிதத் துண்டின் விலை இறங்கியதற்காக மனிதர்களை மிரட்டிய கூட்டத்தின் சொல் உங்கள் கடிதத்தில் இருக்கக்கூடாது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. தங்கைக்காக யோசித்து எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது.

நியாயமாக வரவேண்டிய கோபம் வேறிடத்தில் இருக்கிறது. ஜுவல்ட் லோட்டஸ் என்ன செய்யும்? செலவே இல்லாமல் இறங்கி, மூன்று மானா தரும். அந்த மானாவைக் கமாண்டரை இறக்க மட்டும்தான் செலவழிக்கலாம். கமாண்டரே இல்லாத மற்ற ஃபார்மட்டுகளில் அது வெறும் காகிதம். ஒரே ஒரு வீடு மட்டும் உள்ள கார்டு. அந்த வீட்டுக் கதவு சாத்தியதும் தெருவில் நின்றது. ஒரு கார்டுக்குப் பெரிய பணம் கொடுக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி இது: இதற்கு எத்தனை ஃபார்மட்டில் வீடு இருக்கிறது?

நிலத்துக்குத்தான் வீடு அதிகம்.

உங்கள் தங்கைக்குப் பிடித்த சிவப்பு-பச்சையையே எடுத்துக்கொள்வோம். ஸ்டாம்பிங் கிரவுண்ட் என்றொரு நிலம். சிவப்பு மானா தரும் மலையும் பச்சை மானா தரும் காடும் ஒரே நேரத்தில் அது. இறங்கும்போது 2 உயிர்ப்புள்ளி கொடுத்தால் உடனே பயன்படுத்தலாம், கொடுக்காவிட்டால் படுத்தபடி இறங்கும், அந்தச் சுற்றில் பயன்படாது. 2006-ல் கில்ட்பேக்ட் தொகுப்பில் வந்தது. 2013-ல், 2019-ல் மறுபதிப்பு. 2025-ல் எட்ஜ் ஆஃப் எடர்னிட்டீஸில் மறுபடியும். மறுபதிப்பு வந்தால் பழைய பிரதியும் செல்லும் என்பது விதி. ஆகவே 2006-ல் ஒருவர் வாங்கிய அதே கார்டு, அந்த மறுபதிப்பால் மீண்டும் ஸ்டாண்டர்டுக்குள் வந்தது. ஸ்டாண்டர்டிலிருந்து அது போனாலும் பயனியர், மாடர்ன், லெகசி, கமாண்டர் என்ற நான்கு ஃபார்மட்டிலும் இடம் உண்டு. இதே காலத்தில் எத்தனை நாயக உயிரினங்கள் வந்து, விலை ஏறி, இறங்கி, பெட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன! நிலத்தை விற்று நகை வாங்குகிறவரை ஊர் ஏசும். இந்த ஆட்டத்தில் பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள்.

நிலம் அழகுக்கு வாங்குவதில்லை. கணக்கைப் பாருங்கள். 60 கார்டு டெக்கில் 24 நிலம் வையுங்கள். முதல் ஏழு கார்டில் நிலமே வராமலோ ஒன்றே ஒன்று வந்தோ கை கெட்டுப்போகும் வாய்ப்பு 14 சதவீதம், ஏழு ஆட்டத்துக்கு ஒன்று. ‘நல்ல கார்டுக்கு இடம் வேண்டும்’ என்று நான்கு நிலத்தை எடுத்துவிட்டு 20 ஆக்கினால் அதே வாய்ப்பு 25 சதவீதம். நான்கு ஆட்டத்துக்கு ஒன்றை உட்காரும் முன்பே தாரை வார்க்கிறீர்கள். மானா விலை குறைந்த கார்டுகளே நிறைந்த வேகமான டெக்குக்கு 20 சரி. ஐந்து மானா உயிரினங்களை வைத்துக்கொண்டு 20 நிலத்தில் ஆடுவது சரியல்ல.

இனி நிறம். அந்த 24-இல் 12 மலை, 12 காடு என்று வையுங்கள். முதல் ஏழு கார்டில் சிவப்பு தரும் நிலம் ஒன்றுகூட இல்லாமல் போகும் வாய்ப்பு 19 சதவீதம். இப்போது 8 இருநிற நிலம், 8 மலை, 8 காடு என்று மாற்றுங்கள். மொத்தம் அதே 24. ஆனால் சிவப்பு தருபவை 16, பச்சை தருபவையும் 16. அந்த வாய்ப்பு 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எட்டே எட்டு கார்டு, விபத்து பாதியாகிறது. வேறு எந்த மிதிக்கும் உங்களுக்கு இதைச் செய்து தராது. ஃபிராங்க் கார்ஸ்டன் என்ற ஆட்டக்காரர் இதை விரிவாகக் கணக்கிட்டிருக்கிறார். முதல் சுற்றிலேயே ஒரு நிற மானா நம்பகமாக வேண்டுமென்றால் 60-இல் 14 நிலமாவது அந்த நிறம் தரவேண்டும். இரண்டாம் சுற்றில் ஒரே நிறத்தில் இரண்டு மானா வேண்டுமென்றால் ஏறத்தாழ 20. நம் டெக்கில் 16-தானே இருக்கிறது? அதனால் இரண்டாம் சுற்றில் இரண்டு சிவப்பு கேட்கும் கார்டும் இரண்டு பச்சை கேட்கும் கார்டும் ஒன்றாக அதில் இருக்கக்கூடாது. ஏதாவது ஒன்றை முதன்மை நிறமாக வைக்கவேண்டும். டெக் ‘அதிர்ஷ்டமில்லாமல்’ தோற்கிறது என்கிறவர்களிடம் கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் இதை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் கெடும் இடம் ஒன்று உண்டு: படுத்தபடி இறங்கும் மலிவு நிலங்கள். அவற்றைப் பன்னிரண்டு போட்டால் நிறம் கிடைக்கும், ஆனால் அவை இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மானா பின்தங்குவீர்கள். வேகமான டெக்கில் நான்கைத் தாண்டவேண்டாம், நிதானமான டெக்கில் எட்டு.

இன்னொன்று. ‘பழைய டூயல் லேண்ட் (இருநிற நிலம்) இருந்தால்தான்’ என்று யாராவது ஆசைகாட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவற்றில் சிவப்பு-பச்சை நிலமான டைகா 1993-இன் கார்டு. 1996-இல் வந்த மறுபதிப்பில்லாப் பட்டியலில் அடைபட்டுக் கிடக்கிறது. இனி அச்சாகாது, அதனால் அந்த விலை. மேசையில் டைகாவுக்கும் ஸ்டாம்பிங் கிரவுண்டுக்கும் உள்ள வேறுபாடு 2 உயிர்ப்புள்ளி. 2022-ல் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு என்று நான்கு பாக்கெட்டை 999 டாலருக்கு விற்றார்கள். போட்டிகளில் அந்தக் கார்டுகள் செல்லாது. சேகரிக்கிறவருக்கு அது ஒரு உலகம். ஆடுகிறவர் அங்கே பணத்தைக் கொட்டவேண்டியதில்லை.

கமாண்டரிலும் இதே கதைதான். உங்கள் தயார் டெக்கை ‘வலுப்படுத்தும்’போது என்னவெல்லாம் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. நிலத்தைத்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். 100 கார்டில் 36 முதல் 38 நிலம் இருக்கட்டும். அதைத் தவிர சோல் ரிங் போல மானா தரும் பொருட்கள் பத்து. 32-க்கு இறக்கிவிட்டு லோட்டஸ் வாங்கி ஈடுகட்டுவது, ஓட்டைப் பானையில் நெய் ஊற்றுவது. இருநிறக் கமாண்டர் என்றால் கமாண்ட் டவர், சில இருநிற நிலங்கள், மீதி சாதாரண மலையும் காடும் போதும். செலவு ஏறுவது ஐந்து நிறத்துக்கு ஆசைப்படும்போது.

ஸ்டாண்டர்டா கமாண்டரா என்று கேட்டீர்கள். வாரம் ஒருமுறை ஒருவருக்கு ஒருவராகக் கூர்மையாக ஆட ஆளிருந்தால் ஸ்டாண்டர்ட், நான்கு பேர் கூடி மாலைப்பொழுதைக் கழிப்பதென்றால் கமாண்டர். நிலம் கையில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே போய்வரச் செலவு அதிகமில்லை.

தங்கையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தயங்கவேண்டாம். எதையும் வாங்கும் முன் டெக்கைக் காகிதத்தில் எழுதுங்கள். 24 நிலம், 36 மற்றவை. கையில் இல்லாத கார்டின் பெயர், மானா விலை, விதியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, உறைக்குள் ஒரு சாதாரண நிலத்துக்கு முன்னால் செருகுங்கள். அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் இது செல்லாது, வீட்டில் தாராளமாக ஆடலாம். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். நன்றாகக் கலைத்து ஏழு கார்டு எடுக்கட்டும். ஆடத் தகுந்த கையா, இல்லையா, ஒரு கோடு போடட்டும். மறுபடி கலைத்து மறுபடி எடுக்கட்டும். இருபது முறை. ஐந்துக்கு மேல் கெட்ட கை வந்தால் நிலத்தை மாற்றி எழுதிவிட்டு இன்னும் இருபது முறை. அதன்பின் இருவரும் பத்து ஆட்டம் ஆடுங்கள். பிறகும் அவளுக்குச் சிவப்பு-பச்சை பிடித்திருந்தால் முதல் செலவாக நான்கு ஸ்டாம்பிங் கிரவுண்ட் வாங்கிக் கொடுங்கள். மற்றவை காகிதமாகவே கொஞ்ச நாள் இருக்கட்டும்.

அன்புடன்