பேராயரின் கடனும் கைக்குழந்தை ஆயரும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 1517-இல் மார்ட்டின் லூதர் என்ற ஜெர்மன் துறவி விட்டன்பர்க் தேவாலயக் கதவில் 95 கருத்துகளை ஆணியடித்து மாட்டினார், உடனே ஐரோப்பா இரண்டாகப் பிளந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஒரு தாளுக்கு அவ்வளவு பலமா?

பதில்: ஆணியடித்ததை நேரில் பார்த்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை. அக்டோபர் 31 அன்று மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கு லூதர் ஒரு கடிதம் எழுதினார், அதோடு பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்த இந்த 95-ஐயும் வைத்து அனுப்பினார். அது உறுதி, கடிதமே இன்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால் கதவை விட்டுவிட்டு அந்தப் பேராயரின் கடனைப் பார்க்க வேண்டும்.

ஆல்பிரெக்டுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஏற்கெனவே மாக்டபர்கின் பேராயராக இருந்தவருக்கு மைன்ஸ் பதவியும் வேண்டும் என்று ஆசை. இரண்டையும் ஒருவரே வைத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் இடம் தராது, விதிவிலக்கு வேண்டுமென்றால் ரோமுக்குப் பெரிய தொகை கட்ட வேண்டும். ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பத்திடம் கடன் வாங்கிக் கட்டினார். சரி, கடனை அடைப்பது எப்படி? ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்காக என்று பாவமன்னிப்புச் சீட்டு, அதாவது பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட சீட்டு, விற்க அவருக்கு அனுமதி கிடைத்தது, வசூலில் பாதி பேராலயத்துக்கு, மீதிப் பாதி ஃபுக்கருக்கு. இந்த ஏற்பாடு சீட்டு வாங்கியவர்களுக்குத் தெரியாது, லூதருக்கே அந்த நேரத்தில் தெரியாது.

சீட்டு விற்ற டெட்செல் என்ற துறவி விட்டன்பர்க் பக்கம் கால் வைக்க முடியாது, சாக்சனியை ஆண்ட ஃபிரெடெரிக் தடை போட்டிருந்தார். ஆனாலும் ஊர்க்காரர்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் வரை போய் வாங்கி வந்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிடாதீர்கள். செத்துப்போன அம்மா, பாவம் தீரும்வரை ஆன்மாக்கள் வேதனைப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்துகொண்டிருக்கிறாள், சீட்டு வாங்கினால் மீட்டுவிடலாம் என்று நிஜமாகவே நம்புகிற மகன், கையில் காசு இருந்தால் என்ன செய்வான்? லூதருக்குக் கோபம் வந்ததும் அங்கேதான்: சீட்டு கையில் இருக்கும்போது மனம் திரும்புவது எதற்கு என்று ஜனங்கள் நினைக்க ஆரம்பித்தார்கள்.

நூறு வருடத்துக்கு முன்னால் யான் ஹுஸ் என்ற செக் பாதிரியார் ஏறக்குறைய இதே குரலில் பேசியவர்தான், 1415-இல் கான்ஸ்டன்ஸில் அவரை எரித்துவிட்டார்கள். லூதருக்கு வாய்த்த இரண்டு விஷயங்கள் ஹுஸுக்கு வாய்க்கவில்லை, ஒன்று அச்சு இயந்திரம், இன்னொன்று ஃபிரெடெரிக். 1521-இல் பேரரசர் கூட்டிய வோர்ம்ஸ் மன்றத்தில் எழுதியதை வாபஸ் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில் லூதரை ஆள் வைத்துக் கடத்துவதுபோல் நாடகமாடி வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்தவர் ஃபிரெடெரிக்தான். அங்கே தாடி வளர்த்து, யோர்க் என்று பெயரை மாற்றிக்கொண்டு, சுமார் பதினொரு வாரத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து முடித்தார் லூதர். இந்த வேகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பொறாமையாக இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் லூதர் ஏழைகளின் பக்கம் நின்றவர் என்று சொல்லலாம்தானே?

பதில்: அப்படித்தான் ஜெர்மன் குடியானவர்களும் நினைத்தார்கள். 1525 மார்ச்சில் மெம்மிங்கனில் கூடிப் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். எங்கள் ஊருக்குப் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம், நாங்கள் யாருக்கும் அடிமைகள் அல்ல, ஆற்று மீனும் காட்டு விறகும் பிரபுவுக்கு மட்டும் சொந்தமில்லை என்று போகிறது பட்டியல், பக்கத்திலேயே வேத வசன ஆதாரங்களும் உண்டு. இதில் ஏதாவது வேதத்துக்கு விரோதம் என்று காட்டினால் விட்டுவிடுகிறோம் என்றும் கடைசியில் எழுதினார்கள். எவ்வளவு பணிவு பாருங்கள்! லூதர் முதலில் இரு தரப்பையும் கண்டித்து எழுதினார். கலவரம் பரவியதும் இவர்களை வெட்டு, குத்து, கொல்லு என்று பிரபுக்களுக்குச் சொல்லும் ஒரு பிரசுரம் போட்டார். மே 15 அன்று ஃபிராங்கன்ஹௌசனில் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள், அவர்களை நடத்திப்போன தாமஸ் மூன்ட்சரைப் பிடித்துச் சித்திரவதை செய்து, அதே மாதம் தலையை வெட்டினார்கள். ஆன்ம விடுதலையைத்தான் சொன்னேன், பண்ணையடிமை விஷயத்தை அல்ல என்பது லூதரின் வாதம். தர்க்கம் சரியாக இருக்கலாம். அந்தப் பிரசுரத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: தொத்திறைச்சி தின்றதால் சுவிட்சர்லாந்தில் ஒரு மதப் புரட்சி வந்ததாமே? நிஜமா?

பதில்: நிஜம்தான். 1522, ஜூரிக், தவக்காலம், இறைச்சி கூடாத நாட்கள். ஃபிரோஷவர் என்ற அச்சகக்காரர் வீட்டில் தொத்திறைச்சியைத் துண்டு போட்டுச் சாப்பிட்டார்கள். ஃபிராங்க்பர்ட் சந்தைக்குள் புத்தகத்தை முடிக்க வேண்டும், இரவு பகலாக வேலை, கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு முடியாது என்பது நகர மன்றத்தில் அவர் சொன்ன சமாதானம். பின்னால் அந்த ஊரின் மதப் புரட்சியை நடத்திய ஸ்விங்லி பாதிரியாரும் கூடவே இருந்தார், ஆனால் வாயில் வைக்கவில்லை. அப்புறம் தின்றவர்களை ஆதரித்துப் பிரசங்கம் செய்து அதை அச்சிலும் போட்டார். சாமர்த்தியசாலி.

கேள்வி: இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி ஒரு விவாகரத்துக்காக நாட்டின் மதத்தையே மாற்றினார் என்பது சரியா?

பதில்: தொடக்கம் அதுதான். இதே ஹென்றி 1521-இல் லூதரை எதிர்த்துப் புத்தகம் எழுதி, போப்பிடம் 'விசுவாசத்தின் காவலர்' என்று பட்டம் வாங்கியவர். 1534-இல் போப்பை உதறிய பிறகும் பட்டத்தை விடவில்லை, இன்றைய பிரிட்டிஷ் நாணயத்திலும் அதன் சுருக்கெழுத்து இருக்கிறது. ஆனால் மாற்றத்தை நிலைக்க வைத்தது நிலம். 1536 முதல் 1540 வரை சுமார் 800 மடங்களை மூடி, சொத்தைப் பறித்து, பெரும்பகுதியை விற்றார்கள். பின்னால் அவர் மகள் மேரி கத்தோலிக்க மதத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது பூசை திரும்பியது, நிலம் திரும்பவில்லை. வாங்கியவர்கள்தானே பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள்!

கேள்வி: சூனியக்காரிகள் என்று பெண்களை எரித்தது இருண்ட காலத்தில்தானே, அறிவியல் வந்ததும் நின்றுவிட்டதா?

பதில்: இல்லை. உச்சத்தில் இருந்தது 1560 முதல் 1650 வரை, கெப்ளரும் கலிலியோவும் வானத்தை அளந்துகொண்டிருந்த அதே காலம். கெப்ளரின் தாய் கத்தரினாவையே சூனியக்காரி என்று 1620-இல் கைது செய்தார்கள். எழுபது வயது தாண்டிய கிழவியைச் சங்கிலியில் கட்டிப் பதினான்கு மாதம் வைத்திருந்தார்கள். மகன் லின்ட்ஸிலிருந்து வந்து வழக்கை நடத்தினார். கடைசியில் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டியும் அவள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, விட்டுவிட்டார்கள். அடுத்த வருடமே இறந்துபோனாள்.

கேள்வி: முப்பதாண்டுப் போரை முடித்த 1648 ஒப்பந்தம் மக்களுக்கு மத சுதந்திரம் கொடுத்ததா?

பதில்: இன்றைய அர்த்தத்தில் கொடுக்கவில்லை. அதற்கு முன் 1555 ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, ஆள்பவனின் மதமே குடிகளின் மதம் என்றது, பிடிக்காதவன் மூட்டையைக் கட்டலாம். 1648-இல் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது, கால்வினைப் பின்பற்றிய புராட்டஸ்டன்ட் பிரிவினரான கால்வினியர்களுக்கும் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். மீதியெல்லாம் சண்டை போட்டுக் களைத்துப்போனவர்கள் செய்துகொண்ட பங்குபிரிப்பு. ஓஸ்னபுரூக் என்ற ஜெர்மன் ஊரில் ஆயர் பதவியை ஒரு முறை கத்தோலிக்கருக்கு, அடுத்த முறை புராட்டஸ்டன்டுக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதாக எழுதிக்கொண்டார்கள். அந்த முறையை விடாமல் காப்பாற்றவும் செய்தார்கள். 1764-இல் புராட்டஸ்டன்ட் முறை வந்தது, ஜெர்மனியின் ஹனோவரையும் ஆண்ட இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தன் இரண்டாவது மகனை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்க வைத்தார். ஆயருக்கு அப்போது வயது ஆறு மாதம்.