யாக்குஷிமாவில் ஹலால் உணவோடு ஓர் அமைதியான விடுமுறை

வயதான பெற்றோருடன், ஹலால் உணவுக்குச் சிரமமின்றி, இயற்கை சூழ்ந்த ஜப்பானியத் தீவு ஒன்றில் ஓய்வாகத் தங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், என் தேர்வு, ஜப்பானின் பெரிய தீவுகளில் ஒன்றான கியூஷுவுக்குத் தெற்கே, 1993-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற யாக்குஷிமா.

கியூஷுவின் ககோஷிமா துறைமுகத்திலிருந்து அதிவேகப் படகில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் சென்றுவிடலாம். ஜோமோன் தேவதாரு என்ற புகழ்பெற்ற பழமையான மரத்தைக் காணப் போய்வர ஏறத்தாழ பத்து மணி நேரம் நடக்க வேண்டியிருப்பதால், பெற்றோர் உடன் வரும்போது அதைத் தவிர்ப்பதே நல்லது. யாக்குசுகி லேண்ட் என்ற வனப் பூங்காவில் அரை மணி நேரத்தில் முடியும் பலகை நடைபாதையிலேயே, பாசி படர்ந்த, ஆயிரம் ஆண்டுகள் கடந்த மரங்களை அருகில் நின்று பார்க்கலாம். இங்கு மழை மிக அதிகம். ஜூன் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

உணவில்தான் மிகுந்த கவனம் தேவை. பன்றி இறைச்சியை மட்டும் விலக்கினால் போதாது; குழம்புகளில் சேரும் மிரின் என்பது ஒருவகை அரிசி மதுவே; சோயா சாஸ் பலவற்றிலும் கெடாமலிருக்க ஆல்கஹால் கலக்கிறார்கள். ஆகவே சமையலறையுள்ள வாடகை வீட்டை எடுத்து, ஹலால் சோயா சாஸையும் மசாலாக்களையும் பெருநகரிலேயே வாங்கிச் செல்லுங்கள். தீவில் பிடிபடும் பறவைக்கோலா மீனை உப்பு மட்டும் தடவி வாட்டினால் சுடுசோற்றுக்கு அருமையாக இருக்கும்.

பொது வெந்நீர்க் குளங்களில் ஆடையின்றிக் குளிப்பதே வழக்கம் என்பதால், குடும்பத்துக்கென ஒதுக்கும் தனிக் குளியலறை உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். தொழுகையின்போது நோக்கும் திசையான கிப்லா, இங்கு மேற்கிலிருந்து சற்று வடக்கே அமையும்.