கைக்குழந்தையப் பாத்துக்க ஆள் வைக்கிறது எப்படி? வர்றவங்கள நம்பி விடலாமா?

மூணு மாசம் கூட ஆகல, லீவு முடியப் போகுது, பக்கத்துல பெரியவங்க யாரும் இல்ல, ஆள் வைக்கலாம்னா பயமா இருக்கு, என்ன கேட்டு சேக்கறதுன்னே தெரியலன்னு கேட்டிருக்கீங்க. இதுக்குப் போய் ரெண்டு மூணு பேர் "பெத்தவ இருக்கும்போது எதுக்கு ஆளு"ன்னு பதில் போட்டிருக்காங்க, அதப் படிச்சிட்டு சும்மா போக முடியல, அதான் எழுதறேன். ஆள் எப்படி தேடறதுன்னு தான் நீங்க கேட்டிருக்கீங்க, வேலைக்குப் போகலாமா வேண்டாமான்னு யார்கிட்டயும் பர்மிஷன் கேக்கல.

நீங்க இப்ப எந்த நிலைமைல இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் கிடையாது, ஒரு தோள்ல குழந்தை, இன்னொரு கைல போன், ஏஜென்சி நம்பரா தேடிட்டு இருப்பீங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். குழந்தைய பாத்துக்க எங்களுக்குக் கிடைச்ச ஆள நாங்க அக்கான்னு தான் கூப்பிடுவோம், அவங்க எம்பொண்ணு கூட இன்னும் இருக்காங்க, அவளுக்கு இப்ப ரெண்டரை வயசு. அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்ல வரல, நான் டாக்டரும் இல்ல. ஆனா எங்க வீட்ல எது வேலை செஞ்சுதுன்னு தைரியமா சொல்வேன்.

மொதல்ல ஏஜென்சி கதைய சொல்லிடறேன். ஒரு ஏஜென்சி (பேர் வேண்டாம்) அனுபவம் உள்ளவங்கன்னு சொல்லி ஒருத்தர அனுப்பினாங்க, முன்னாடி வேலை பாத்த வீட்டு நம்பரும் குடுத்தாங்க. எல்லாரும் அந்த நம்பருக்குப் போன் பண்ணி "நல்லா பாத்துக்குவாங்களா"ன்னு தான் கேப்பாங்க, அதுக்கு "ரொம்ப நல்லா பாத்துக்குவாங்க"ன்னு தான் பதில் வரும். நான் அப்படி கேக்கல. உங்க குழந்தைக்கு இப்ப என்ன வயசு, இவங்க வந்தப்ப எத்தனை மாசம், எதனால நிறுத்துனீங்க, இன்னொரு குழந்தை பொறந்தா இவங்களையே கூப்பிடுவீங்களான்னு கேட்டேன். அந்தம்மாவுக்கு தன் குழந்தையோட வயசு சொல்லத் தெரியல. ஒரு தடவை ஒண்ணுன்னு சொன்னாங்க, கொஞ்ச நேரத்துல மூணுன்னு சொன்னாங்க. அது வீடே இல்ல, ஏஜென்சிக்காரங்க ஏற்பாடு பண்ணின ஆளு. கட்டின பணத்துல பாதி தான் திரும்பி வந்துச்சு, அதுக்கே அவ்வளவு சண்டை. வந்த பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்ல, அவங்களுக்கு கைக்குழந்தை வேலைன்னே சொல்லி அனுப்பல பாவம், வயசானவங்கள பாத்துக்கணும்னு நெனச்சு வந்திருக்காங்க.

அதனால என்னைக் கேட்டா மொதல்ல தெரிஞ்சவங்ககிட்ட தான் கேக்கச் சொல்வேன், அதுலயும் யாரு குழந்தை இப்பதான் ஸ்கூல்ல சேருதோ அவங்ககிட்ட. அந்த வீட்ல இத்தனை வருஷம் குழந்தைய பாத்துகிட்டவங்களுக்கு அப்பதான் வேலை முடியும், அவங்களும் அடுத்த வீடு தேடிட்டு இருப்பாங்க. எங்க அக்காவும் ஆபீஸ்ல ஒருத்தங்க வீட்ல இருந்து அப்படித்தான் வந்தாங்க.

சரி, என்ன கேக்கறது. வந்த எல்லார்கிட்டயும் நான் முக்கியமா ஒரே ஒரு கேள்வி தான் கேட்டேன். "குழந்தை அழுதுகிட்டே இருக்கு, பால் குடுத்தாச்சு, டயப்பர் மாத்தியாச்சு, ஏப்பமும் விட்டாச்சு, தூக்கி நடந்தும் பாத்தாச்சு, அப்பவும் நிக்கல, என்ன பண்ணுவீங்க?"

"என் கைக்கு வந்தா எந்தக் குழந்தையும் அஞ்சே நிமிஷத்துல அடங்கிடும்"னு ஒருத்தர் சொன்னாங்க. இன்னொருத்தர் வயித்து வலிக்கு மருந்து ஊத்திடுவேன்னாங்க. இந்த அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "துணியெல்லாம் கழட்டி எங்கயாவது எறும்பு கடிச்சிருக்கா, விரல்ல நூல் சுத்தியிருக்கான்னு பாப்பேன்மா. அதுவும் இல்லன்னா, எனக்கே தாங்கலன்னா, தொட்டில்ல மல்லாக்க படுக்க வெச்சிட்டு ரெண்டு நிமிஷம் தள்ளி நின்னுட்டு வருவேன், அப்புறம் உங்களுக்கு போன் போடுவேன்"னாங்க.

இவங்கதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். என் மாமியார் போன்ல கேட்டுட்டு ஒரே சத்தம், "அழற குழந்தைய கீழ போட்டுட்டு போவேன்னு சொல்றவளயா வீட்டுக்குள்ள விடற"ன்னு. இத படிக்கறவங்கள்லயும் பாதி பேர் அதையே நெனப்பீங்க, அதனால விளக்கமா சொல்றேன். பொறந்த ரெண்டு வாரத்துல கூட ஆரம்பிக்கற அழுகை ஆறு எட்டு வாரத்துல உச்சத்துக்குப் போகும், மூணு நாலு மாசத்துல தான் இறங்கும், நல்ல ஆரோக்கியமான குழந்தையே மணிக்கணக்கா அழும். அந்த நேரத்துல தாங்க முடியாம குழந்தைய புடிச்சு உலுக்கறது தான் பெரிய ஆபத்து. சில நொடி உலுக்கினாலே மூளைக்குள்ள ரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம். பெத்தவங்களுக்கே கை மீறிப் போயிருக்கு. அதுக்குத்தான் டாக்டருங்க, பத்திரமான இடத்துல மல்லாக்க படுக்க வெச்சிட்டு நீங்க தள்ளிப் போய் மூச்சு விட்டுட்டு வாங்கன்னு சொல்லிக் குடுக்கறாங்க. தனக்கும் தாங்காத நேரம் வரும்னு தெரிஞ்சு வெச்சிருக்கறவங்க எனக்கு வேணும். எந்தக் குழந்தையும் தன்கிட்ட அடங்கிடும்னு சொல்றவங்க, ஒரு நாள் அடங்கலன்னா என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது.

அந்த "போன் போடுவேன்" எவ்வளவு முக்கியம்னு அவங்க வந்த கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுது. பாப்பாவுக்கு அப்ப மூணு மாசம் முடியல. மத்தியானம் மீட்டிங்ல இருந்தேன், அக்கா போன் பண்ணி "உடம்பு சுடுதும்மா, தெர்மாமீட்டர் வெச்சேன், நூறு தாண்டி காட்டுது, பால் கூட சரியா குடிக்கல, நான் எந்த மருந்தும் குடுக்கல"ன்னாங்க. மூணு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் வந்துட்டாலே காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. அவங்களா காய்ச்சல் மருந்து குடுத்திருந்தா சூடு இறங்கியிருக்கும், சாயங்காலம் நான் வந்து தொட்டுப் பாத்துட்டு சரியாயிடுச்சுன்னு நெனச்சிருப்பேன். யூரின் டெஸ்ட்ல இன்ஃபெக்‌ஷன்னு வந்துச்சு, அட்மிட் பண்ணி ஊசி போட்டாங்க. சீக்கிரம் கொண்டு வந்தது நல்லதாப் போச்சுன்னு டாக்டரம்மா அக்காவைப் பாத்து தான் சொன்னாங்க. மாமியாரும் பக்கத்துல தான் இருந்தாங்க.

இன்னொரு விஷயம், அனுபவம். இருபது வருஷமா குழந்தை வளத்தவங்களுக்கு அவங்க கத்துகிட்ட காலத்து பழக்கம் இருக்கும். குப்புற படுக்க வெச்சா நல்லா தூங்கும்னு ஒரு காலத்துல டாக்டருங்களே சொல்லியிருக்காங்க, 1990கள்ல தான் பல நாடுகள்ல அது மாறுச்சு, மல்லாக்க படுக்க வைக்க ஆரம்பிச்சப்புறம் தூக்கத்துலயே திடீர்னு எறந்து போற குழந்தைங்க எண்ணிக்கை நல்லா கொறைஞ்சுது. அதனால பழைய பழக்கத்த கிண்டல் பண்ணாம, "எங்க டாக்டர் இப்படித்தான் சொல்லியிருக்காங்கக்கா"ன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினோம். மல்லாக்க தான், கெட்டியான மெத்தை, தலகாணி பொம்மை கனமான போர்வை எதுவும் பக்கத்துல வேண்டாம், ஆறு மாசம் வரைக்கும் தண்ணி கூட வேண்டாம், ஒரு வயசு வரைக்கும் தேன் தொட்டு கூட வைக்கக் கூடாது, போன்ல கேக்காம எந்த மருந்தும் வேண்டாம். எடுத்து வெச்ச தாய்ப்பால் வெளிய நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல நாலு நாள், மைக்ரோவேவ்ல சூடு பண்ணவே கூடாது ஏன்னா ஒரு இடம் மட்டும் கொதிச்சு வாய் சுட்டுடும், குழந்தை குடிச்சு மீதி வெச்சத ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெக்காம கொட்டிடணும். கடைசி வரி பாப்பாவோட அப்பா எழுதினது, குழந்தை கைல இருக்கும்போது சூடா எதுவும் குடிக்கறதில்லன்னு. அது எங்க எல்லாருக்கும் சேத்து தான்.

முதலுதவி கிளாஸுக்கு நான், அவர், அக்கா மூணு பேருமே போனோம். அவங்கள மட்டும் அனுப்பறது மரியாதையா படல. ஒரு வயசுக்குக் கீழ தொண்டைல ஏதாவது மாட்டி மூச்சு வாங்க முடியலன்னா பெரியவங்களுக்கு மாதிரி வயித்துல அமுக்கக் கூடாது, கை மேல குப்புற தலை தாழ்வா புடிச்சு முதுகுல அஞ்சு தட்டு, திருப்பி நெஞ்சுல அஞ்சு அமுக்கு, வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி, மயங்கிட்டா உடனே சிபிஆர் (நெஞ்ச அமுக்கி, வாயால மூச்சு குடுக்கறது). எழுத்துல படிச்சு இது வராது, பொம்மைல செஞ்சு பாத்தா தான் கைக்கு வரும்.

தடுப்பூசியும் அப்படித்தான். கக்குவான் இருமல் பெரியவங்களுக்கு சாதா இருமலா வந்துட்டு போயிடும், ரெண்டு மூணு மாச குழந்தைக்கு மூச்சே நின்னு போகலாம். குழந்தைய தொட ஆரம்பிக்க ரெண்டு வாரம் முன்னாடியே ஊசி போட்டிருக்கணும்னு சொன்னாங்க. நாங்களும் போட்டுகிட்டோம், அவங்களுக்கும் எங்க செலவுல போட்டோம், காசநோய் டெஸ்டும் எங்க செலவு தான். "என்ன சந்தேகப்படறீங்களா"ன்னு கேக்க வேண்டிய நிலைமையே வரல.

கேமரா பத்தி கண்டிப்பா கேப்பீங்க. ஹால்ல ஒண்ணு வெச்சோம், சொல்லிட்டு தான் வெச்சோம். ஒளிச்சு வைங்கன்னு சொன்னவங்க நெறைய பேர். அவங்க வீட்டு நிலைமை அவங்களுக்கு, நான் குறை சொல்லல. எனக்கு, தெரியாம படம் எடுக்கற அளவுக்கு ஒருத்தர் மேல சந்தேகம் இருந்தா அவங்க கைல குழந்தைய குடுக்கவே முடியாது.

நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நெனக்கறது இதுதான், நீங்க அவங்கள கேள்வி கேக்கறீங்க இல்லியா, அவங்களையும் கேக்க விடுங்க. அக்கா கேட்டாங்க, "சமையல், பாத்திரம் எல்லாம் என்கிட்ட சொல்வீங்களாம்மா? நான் எத்தனை மணிக்கு சாப்பிடலாம்? லேட்டாகும்னா எப்ப சொல்வீங்க?" குழந்தையோட துணி, பாட்டில் தவிர வேற வேலை எதுவும் சொல்ல மாட்டோம்னு எழுதிக் குடுத்தோம். அடுப்புல ஒரு கண்ணு குழந்தை மேல ஒரு கண்ணுன்னு யாரையும் நிக்க வைக்கக் கூடாது. வேலை நேரம், சம்பளத் தேதி, கூடுதல் நேரத்துக்கு என்ன, உடம்பு சரியில்லன்னா சம்பளத்தோட லீவு, எல்லாமே எழுத்துல. வீட்டு வேலை செய்யறவங்களுக்குன்னே சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011ல ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்துச்சு, வாரத்துக்கு தொடர்ச்சியா 24 மணி நேரமாவது ஓய்வு குடுக்கணும்னு அதுல இருக்கு. நம்ம ஆபீஸ்ல ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா எவ்வளவு எரிச்சல் வருது. "இவ்வளவு எடம் குடுத்தா தலைக்கு மேல ஏறிடுவாங்க"ன்னு சொன்ன வீட்ல எல்லாம் அடிக்கடி ஆள் மாறிட்டு தான் இருக்காங்க, ஒவ்வொரு தடவையும் அந்தக் குழந்தை புது முகத்தப் பாத்து பழகணும். அவங்க குழந்தைங்கள யார் பாத்துக்கறாங்கன்னும் கேளுங்க. அந்தக் குழந்தைக்கு காய்ச்சல்னா அவங்க வர முடியாது, வரவும் கூடாது, அன்னிக்கு நீங்க என்ன பண்ணுவீங்கன்னு இப்பவே உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசி வெச்சுக்கோங்க.

வீட்டுக்காரர்னதும் ஞாபகம் வருது. என்கிட்ட "குழந்தைய விட்டுட்டு எப்படி மனசு வருது"ன்னு கேட்ட ஒருத்தர் கூட அவர்கிட்ட கேட்டதில்ல. அவரும் தான் தினம் ஆபீஸ் போறார். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பேறுகால விடுப்புக்கு 2000ல வந்த சர்வதேச ஒப்பந்தம் குறைஞ்சபட்சம் 14 வாரம்னு சொல்லுது. 14 வாரத்துக்கும் ஆறு மாசத்துக்கும் நடுவுல இருக்கற நாளெல்லாம் யாரு பொறுப்பு? நான் வேலை பாத்த இடத்துல பால் எடுத்து வைக்க ஒரு ரூம் கேட்டேன், பழைய ஃபைல் அடுக்கி வெச்ச ரூம காட்டினாங்க, உள் தாழ்ப்பாள் கூட இல்ல. கூட வேலை பாக்கற ஒரு பொண்ணு வெளிய நின்னு காவல் காப்பா. கேள்விக்கு இது சம்பந்தம் இல்லன்னு தெரியும். ஆனா "எதுக்கு ஆளு"ன்னு பதில் போடறவங்க இந்தக் கேள்விய அந்த ஆபீஸ்கள்ல போய் கேக்கலாம்.

அப்புறம் "அம்மாவையே மறந்துடும்"னு சொல்வாங்க, உங்களுக்கும் உள்ளுக்குள்ள அந்த பயம் இருக்கும். ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ நகரத்துல 60 குழந்தைங்கள தொடர்ந்து பாத்து 1964ல ஷாஃபர், எமர்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எழுதினாங்க. ஒன்றரை வயசுக்குள்ள பெரும்பாலான குழந்தைங்களுக்கு ஒருத்தருக்கு மேல பிடிப்பு வந்துடுச்சு. அப்பா, பாட்டி, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு. எம்பொண்ணு விழுந்தா அக்காகிட்டயும் ஓடுவா, என்கிட்டயும் ஓடுவா, யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்ககிட்ட. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

ஒரு நல்ல விஷயம், உங்க குழந்தைக்கு இப்ப வயசு சாதகமா இருக்கு. ஆறு எட்டு மாசத்துக்கு மேல புது ஆள பாத்தாலே அழ ஆரம்பிச்சிடும், இப்ப பழகிடும். லீவு முடியறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அவங்கள வரச் சொல்லுங்க, அந்த ரெண்டு வாரத்துக்கும் முழு சம்பளம் குடுங்க. மொதல்ல நீங்க செய்யறத அவங்க பாக்கட்டும், அப்புறம் அவங்க செய்யட்டும் நீங்க பாருங்க, குறுக்க பேசாதீங்க. அப்புறம் அரை மணி நேரம் வெளிய போயிட்டு வாங்க, அடுத்து ரெண்டு மணி நேரம். கிளம்பும்போது குழந்தைகிட்ட சொல்லிட்டே கிளம்புங்க, தூங்கும்போது நழுவிப் போகாதீங்க. போன வேகத்துல கேமராவ தொறந்து பாத்துட்டே இருக்க தோணும், பாத்துக்கோங்க, யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனா அவங்களுக்கு போன் பண்ணி தொந்தரவு பண்ணாம, எப்ப எப்ப அவங்க உங்களுக்கு சொல்லணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. எங்களுக்கு பால் குடிச்சதும் ஒரு மெசேஜ், தூங்கினதும் ஒரு மெசேஜ், சூடோ வாந்தியோ அழுகை நிக்கலையோ அப்ப மட்டும் கால். நான் எடுக்கலன்னா அவருக்கு, அவரும் எடுக்கலன்னா நேரா டாக்டருக்கு, அந்த மூணு நம்பரும் அதே ஃப்ரிட்ஜ் பேப்பர்ல பெருசா.